சிமிழில் உறையும் நினைவு



மூக்குப்பொடிச் சிமிழைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களுட் சிலர் நகைக்கக்கூடும். உள்ளங்கையில் அடங்கும் அச் சிறு பொருள், ஒரு காலத்தில் போரில் மாண்டவர்க்கு நினைவுச் சின்னமாகவும் விளங்கியது.

1805 அக்டோபர் 21ஆம் நாள், திரபல்கார்க் கடற்போரில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் குண்டடிபட்டு உயிர் நீத்தார். அவருடைய உருவம் பொறித்த பொடிச் சிமிழ்கள் பல செய்யப்பெற்றன. அவர் மடிந்த ‘விக்டரி’ என்னும் கப்பலிலிருந்து கழித்த மரத்தையும் சிமிழ்களாகக் கடைந்தனர். நாற்சந்தியில் நிற்கும் சிலையை ஒருவன் கடந்து போய்விடுவான். பொடி போடுபவனோ நாளொன்றுக்குப் பன்முறை சிமிழைத் திறப்பான். ஒவ்வொரு முறையும் மாண்டவரின் முகம் அவன் பெருவிரலில் தட்டுப்படும்.

இனி, நமது மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வருவோம். போர்த்துக்கீசர் கட்டிய புளியந்தீவுக் கோட்டையை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் 1638 மே 18ஆம் நாள் கைப்பற்றினர். அம் முற்றுகையில் ஈடுபட்ட தளபதி வில்லெம் கோஸ்டர், 1640 மார்ச்சில் காலிக் கோட்டையையும் வென்றார். வென்ற கோட்டைகள் எவருக்கு, போர்ச்செலவு எவருடையது என்ற பிணக்கு மூண்டது. அதனைப் பேசித் தீர்க்கக் கண்டிக்குச் சென்ற கோஸ்டர், மனக்கசப்புடன் மட்டக்களப்பை நோக்கித் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டில், வழித்துணையாக வந்தவர்களே அவரைக் கொன்றனர். வாவியை அவர் மீண்டும் காணவில்லை.

அந்நியப் படைத்தலைவனுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை. எனினும் அவர் பெயராவது ஏட்டில் இருக்கிறது. அதே போரில் இரு பக்கத்திலும் மடிந்த எளிய வீரர்க்கும், சுமை தூக்கியவர்க்கும் ஏடுமில்லை, சிமிழுமில்லை.

நம் வீடுகளின் நிலையும் இதுதான். 1978 நவம்பரில் வீசிய புயலும், 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும், நெடிய போரும் இக் கரையில் மனிதரோடு அவர்தம் பொருள்களையும் கொண்டுபோயின. எஞ்சியவை சிலவே: ஒரு பாக்குவெட்டி, ஒரு சுண்ணாம்புக் கரண்டகம், பாட்டனாரின் பொடிச் சிமிழ்.

நெல்சனின் சிமிழில் முகம் பொறித்திருப்பதால் அது இன்றும் பேசுகிறது. நம் பாட்டனாரின் சிமிழில் எழுத்தில்லை. அவரை அறிந்த கடைசி மனிதரும் மறைந்தால் அது வெறும் மரமாகிவிடும். ஆகவே நேயர்களே, இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியோரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது யார் கையில் இருந்தது?” அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி, மடித்து, அச் சிமிழுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.