ஓர் ஆண்டு, ஒரு கரும்பலகை: 1799

(திண்டிவனத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



கட்டபொம்மன் ஒரு பாடத்தில் வருகிறார். திப்பு சுல்தான் இன்னொரு பாடத்தில். நெப்போலியன் வேறு வகுப்பில். மாணவர்கள் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக மறந்துவிடுகிறார்கள். இந்த மூவரையும் ஒன்றாக நிறுத்தும் ஆண்டு 1799.

எட்டாம் வகுப்பில் நான் பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, பன்னிரண்டு மாதங்களையும் குறிப்பேன். பிறகு ஒவ்வொன்றாக நிரப்புவோம்.

ஜனவரியில், படையுடன் எகிப்தில் இருந்த நெப்போலியன் திப்புவுக்குக் கடிதம் எழுதுகிறார். அது திப்புவிடம் வந்து சேரவில்லை. பிப்ரவரியில், நமக்கு அருகிலுள்ள வேலூரிலிருந்து ஜெனரல் ஹாரிஸின் படை மைசூருக்குப் புறப்படுகிறது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்கிறது. திப்பு போரிட்டு மடிகிறார். ஜூலையில், எகிப்தில் பிரெஞ்சுப் படையினர் ரொசெட்டா கல்லைக் கண்டெடுக்கிறார்கள். அதன் துணையோடுதான் 1822-ல் ஷாம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்தார்.

செப்டம்பரில் மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்குகிறது. அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்படுகிறார். ஒன்பதே நாளில், அக்டோபர் 25 அன்று, இரண்டாம் சரபோஜியுடன் செய்த உடன்படிக்கையால் தஞ்சை நிர்வாகம் கம்பெனிக்குப் போகிறது. நவம்பர் 9 அன்று பாரிஸில் நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்கிறார். டிசம்பர் 14 அன்று அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் காலமாகிறார்.

கோடு நிரம்பியதும் ஒரு கேள்வி கேட்பேன்: "மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் என்ன தொடர்பு?" கொஞ்ச நேரம் பலகையையே பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்: மைசூர்ப் போர் முடிந்தது, கம்பெனிப் படைக்குக் கை ஓய்ந்தது, தெற்கே திரும்பியது. இதை நாம் சொல்லிக் கொடுப்பதைவிட அவர்களே கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

ஒரு முறை ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அப்போ விழுப்புரத்துல என்ன நடந்துச்சு?" நியாயமான கேள்வி. அன்று நம் பகுதி ஆற்காடு நவாபின் ஆட்சியில் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே சில கடிதங்கள் கிடைத்தன. நவாப் குடும்பம் திப்புவுடன் இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தது என்று கம்பெனி குற்றம் சாட்டியது. அதையே காரணம் காட்டி, 1801 ஜூலை 31 உடன்படிக்கையின் மூலம் கர்நாடகப் பகுதியின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அப்படித்தான் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி எல்லாம் கம்பெனியிடம் போய், பிறகு தென்னாற்காடு மாவட்டமாயின. மைசூர்ச் சீமையில் கிடைத்த கடிதங்களால், நம் ஊர் விவசாயி யாருக்கு நிலவரி கட்டுவது என்பதே மாறிப்போனது.

அந்தக் கடிதங்கள் உண்மையான ஆதாரமா, வெறும் சாக்கா? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட விடுங்கள். ஆதாரத்தை எடைபோடப் பழகுவதும் வரலாற்றுப் பாடம்தான்.

இதற்கு இரண்டு பாடவேளை போதும். தொடக்க வகுப்புகளுக்கு நான்கு படங்களும் ஒரு கயிறும் போதும். மாத வரிசைப்படி தொங்கவிடச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் காலக்கோடு வினாவுக்கும் இது கைகொடுக்கும்.

நீங்களும் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். உலக நிகழ்ச்சிகளை எழுதும்போது, உங்கள் பள்ளி இருக்கும் ஊருக்கும் அந்தக் கோட்டில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.