மலிவுக் கிதாரும் மூலபாடமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பதிப்பியல் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் என் வீட்டில் இருக்கும் ஒரு பழைய மின்கிதாரைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். அழைப்பிதழில் வேறு தலைப்பைக் கண்டு வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். பேச்சு முடிவதற்குள் பதிப்பியலுக்கு வந்துவிடுவேன். வரவில்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்க வேண்டாம்.

அந்தக் கிதாரின் தலைப்பகுதியில் ‘சில்வர்டோன்’ என்று எழுதியிருக்கும். அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் தான் விற்ற இசைக்கருவிகளுக்கு இட்ட வணிகப்பெயர் அது. செய்தவர்கள் வேறு. நியூ ஜெர்சி மாநிலத்தில் நேதன் டேனியல் என்பவர் நடத்திய டேன்எலெக்ட்ரோ தொழிற்சாலையில் அது உருவாயிற்று. மாதிரி எண் 1448. 1962இல் சியர்ஸின் விலைப்பட்டியலில் இடம்பெற்றபோது அதன் விலை 67 டாலர் 95 சென்ட். பெயர்பெற்ற கிதார்கள் அக்காலத்தில் 200 டாலருக்கு மேல் விற்றன. ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வாங்க வேண்டும். இங்கோ கிதாரைச் சுமக்கும் பெட்டிக்குள்ளேயே 3 வாட் ஆம்ப்ளிஃபையரும் 5 அங்குல ஒலிபெருக்கியும் பொருத்தியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து நிறுத்தி, கம்பியைச் செருகி, மின்சாரம் கொடுத்தால் போதும். ஒரு சிறுவனின் படுக்கையறையே மேடையாகிவிடும்.

விலைப்பட்டியல் என்று நான் சொல்வதை நம் கடைகளின் அச்சடித்த தாள்போல எண்ணிவிடக் கூடாது. தலையணை பருமனுள்ள அந்தப் புத்தகம், நகரத்துக்கு வர இயலாத உழவர் குடும்பங்களுக்கு ஒரு கடைத்தெருவாகவே இருந்தது. தென்மாநிலங்களில் நிறவெறி கோலோச்சிய காலத்தில், கடைக்குள் நுழைந்தால் அவமதிக்கப்பட்ட கறுப்பின மக்கள் அஞ்சல் வழியே பொருளை வரவழைத்துக்கொள்ள முடிந்தது. ஆணைப்படிவத்துக்கு முகம் தெரியாது. 1964 பிப்ரவரி 9ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினர். ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தனர். அதற்குப் பின் கிதார் கேட்டு அழாத பிள்ளை இல்லாத வீடு குறைவு. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வாய்த்தது இத்தகைய மலிவுக் கிதார்தான். சியர்ஸ் தன் பெரும் விலைப்பட்டியலை 1993இல் நிறுத்திவிட்டது.

நேதன் டேனியல் 1912இல் பிறந்தவர். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை. 1930களிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்தவர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். 1947இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1954இல்தான் கிதார் செய்ய முற்பட்டார். மரத்தின் பெருமை பேசுவது அத்தொழிலின் மரபு. வீணைக்குப் பலா என்று நாம் சொல்வதுபோல அவர்களுக்கும் மேப்பிள், மகாகனி என்று குலப்பெருமை உண்டு. டேனியல் அதைப் பொருட்படுத்தவில்லை. இலேசான மரத்தால் ஒரு சட்டம் செய்து, அதன் முன்னும் பின்னும் மேசனைட் பலகையை ஒட்டினார். மேசனைட் என்பது மரச்சீவல்களை நீராவியால் வெடிக்கச்செய்து அழுத்தித் தகடாக்கிய பொருள். 1924இல் வில்லியம் மேசன் என்பவர் கண்டது. நம்மூரில் ‘ஹார்ட்போர்டு’ என்று அலமாரியின் முதுகுக்கு அடிக்கிறார்களே, அதன் உறவுதான். சட்டத்தின் விளிம்பு வெளியே தெரியாதிருக்கப் பக்கவாட்டில் வைனைல் பட்டையைச் சுற்றி ஒட்டினார். உடல் முழுவதும் வெற்றிடம். தூக்கினால் ஒரு சுளகின் எடைதான் இருக்கும் என்று தோன்றும்.

மின்கிதார் ஒலிக்கும் முறையை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். எஃகுத் தந்திகளுக்குக் கீழே ஒரு காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிர் பருமனேயுள்ள செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கினால் இசை. ‘பிக்கப்’ என்று வழங்கும் இவ்வுறுப்பே மின்கிதாரின் தொண்டை. இதற்கு ஓர் உலோக உறை வேண்டியிருந்தபோது, உதட்டுச்சாயம் அடைக்கும் குழல்களையே டேனியல் மொத்தமாக வாங்கினார். முலாம் பூசியது, மலிவானது, சுற்றுப்புற மின்னிரைச்சலையும் ஓரளவு தடுப்பது. இன்றும் அதற்கு ‘லிப்ஸ்டிக் பிக்கப்’ என்றே பெயர். ஒப்பனைமேசையில் கிடக்க வேண்டிய குழல் ஓர் இசைக்கருவியின் நெஞ்சில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். அவர் எல்லா இடத்திலும் காசைக் குறைத்தார் என்பது உண்மையன்று. தந்தியின் இழுவையால் கழுத்து வளைந்துவிடாதபடி உள்ளே எஃகுச் சட்டங்கள் வைத்தார். தலைப்பக்கத்தில் தந்தி தாங்கும் பட்டியைப் பிறர் எலும்பிலும் பிளாஸ்டிக்கிலும் செய்ய, அவர் அலுமினியத்தில் செய்தார். அதனால் திறந்த தந்திக்கும் விரலிட்ட தந்திக்கும் ஒலித்தன்மையில் வேறுபாடு குறைகிறது. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள இடைவெளியை அந்தக் கிதாரைப் பிரித்துப் பார்த்த நாளில்தான் நான் சரியாக உணர்ந்தேன். கவிஞர்கள் இருக்கும் அவையில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குறை உண்டு. தந்திகளின் மறுமுனை ஒரே ஒரு மரத்துண்டின்மேல் தங்கியிருக்கிறது. ஆறு தந்திக்கும் நீளத்தைத் தனித்தனியே திருத்த வழியில்லை. ஆகவே கழுத்தில் மேலே செல்லச் செல்ல ஏதேனும் ஒரு தந்தி சுருதி விலகும். சிறுவயதில் நான் சில ஆண்டுகள் வீணை பயின்று பாதியில் விட்டவள். வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, செவியால் கேட்டுக் கேட்டு நகர்த்தி அமைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த காதுக்கு இது முதலில் பெருந்துன்பம். பிறகு, விலகும் தந்தியைச் சற்றே இழுத்து வாசித்துச் சரிக்கட்டக் கற்றுக்கொண்டேன். கமகத்துக்குப் பழகிய விரல் அவ்வளவில் உதவியது. இதன் ஒலி மணியோசைபோல் தெளிவானது, கனமில்லாதது. பெரிய கிதார்களின் அடர்ந்த குரல் இதற்கு வராது. வேண்டியவர்கள் இதையே தேடிச் சென்றிருக்கிறார்கள். ஜிமி ஹென்றிக்ஸ் 1960களின் தொடக்கத்தில் ராணுவத்தில் இருந்தபோது வைத்திருந்தது டேன்எலெக்ட்ரோவின் கிதார். லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் பணத்துக்குக் குறைவில்லாத காலத்திலும் மேடையில் டேன்எலெக்ட்ரோ வாசித்தார். 1967இல் வின்சென்ட் பெல் என்னும் கலைஞரோடு சேர்ந்து அதே தொழிற்சாலை சிதார்போல் ஒலிக்கும் மின்கருவி ஒன்றையும் செய்தது. அது சிதாரன்று, ஆயினும் அமெரிக்க வானொலியில் பலர் சிதார் என்று எண்ணிக் கேட்டது பெரும்பாலும் அதைத்தான். 1966இல் டேனியல் நிறுவனத்தை விற்றார். வாங்கியவர்கள் 1969இல் தொழிற்சாலையை மூடினர்.

இனி என் கதை. நியூ ஜெர்சியில் பணியாற்றும் என் தம்பி, ஒரு வீட்டு வாசலில் பழைய பொருள்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தபோது இதை வாங்கினான். சிறுவனாக இருந்தபோது அவன் கிதார் கேட்டதும், ‘படிக்கிற வழியைப் பார்’ என்று அப்பா மறுத்ததும் எனக்கு நினைவிருக்கின்றன. வாங்கியவன் தான் வைத்துக்கொள்ளாமல் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். ‘நீதான் அக்கா பாதியில் விட்டாய்’ என்றான். நாற்பதாம் வயதில் மீண்டும் விரல்நுனியில் தழும்பு ஏற்றிக்கொண்டேன்.

ஆம்ப்ளிஃபையர் அந்நாட்டின் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் செருகியிருந்தால் அன்றே அதன் சரித்திரம் முடிந்திருக்கும். மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினோம். பழைய இணைப்புக் கம்பியில் தரையிணைப்பு இல்லை. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு மூன்றாம் கம்பி சேர்த்தேன். அது மூலத்தில் இல்லாதது. உயிருக்கு ஆபத்து நேரும் இடத்தில் மூலபாடம் பேசுவது மூடத்தனம் என்பதால் அதைப் பற்றி எனக்கு உறுத்தல் இல்லை.

உறுத்தியது அடுத்து நேர்ந்தது. மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் கிதார் ஊமையாயிற்று. பிக்கப்பின் சுருள் உள்ளே அறுந்துவிட்டது. ஒரு கடையில் காட்டினேன். ‘அட்டைப்பலகைக் கிதாருக்கு எதற்கம்மா செலவு, தூக்கிப் போடுங்கள்’ என்றார்கள். தம்பியிடம் சொன்னேன். அவனுடைய கவலை நேர்மாறாக இருந்தது. 67 டாலர் கிதார் இப்போது சேகரிப்போர் தேடும் பொருளாகிவிட்டதாம். அவனுக்குத் தெரிந்த ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். ஒலிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு திருகாணிகூட மாறியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ‘தொடாதே அக்கா, அப்படியே வை’ என்றான்.

இங்கேதான் பதிப்பியல் வருகிறது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எண்கள் இருக்கின்றன, பாடல்கள் இல்லை. ஏடு சிதைந்த பிற இடங்களிலும் புள்ளிகள்தான் நிற்கின்றன. இல்லாத அடிகளை இட்டு நிரப்பும் புலமை அவருக்கு இல்லாததன்று. யாப்புப் பிசகாமல் செய்திருக்க முடியும். செய்யவில்லை என்பதற்காகத்தான் நாம் அவர் பதிப்பை நம்புகிறோம். சுவடிகளில் சில ஆண்டுகளைக் கழித்துப் பட்டம் பெற்ற எனக்கு இது பாலபாடம். அந்தப் பாடத்தின்படி, அறுந்த சுருளை அறுந்தபடியே விட்டிருக்க வேண்டும். பெட்டியை மூடினேன். ஏழு மாதம் திறக்கவில்லை.

ஆனால் அதே பாடத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. நம் தட்பவெப்பத்தில் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஐயர் கைக்கு வந்த சங்கநூல் ஏடுகள் எதுவும் புலவன் எழுதியது அன்று. படியின் படியின் படி. செல்லரித்த ஓலையைப் பார்த்து எவனோ ஒருவன் புது ஓலையில் எழுதியிராவிட்டால், ஐயருக்குப் புள்ளி வைக்கவும் ஒன்றும் கிடைத்திராது. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. பிழைபட எழுதினான் என்று நாம் அடிக்குறிப்பில் அவனைத் திட்டுவது மட்டும் தவறுவதில்லை. அப்படியானால் என் கிதாரில் ஓலை எது, பாடம் எது? செப்புக்கம்பி ஓலை, ஒலி பாடம் என்று எனக்குத் தோன்றிற்று. அருங்காட்சியகத்துக்கு ஓலை வேண்டும். எனக்குப் பாடம் வேண்டும். இது வசதியான தர்க்கம் என்பதை அறிவேன். வாசிக்க ஆசைப்பட்டவள் தனக்கு ஏற்றபடி கண்டுபிடித்தது என்று எவரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன்.

மின்விசிறிக்குச் சுருள் கட்டும் ஒருவரிடம் சென்றேன். இவ்வளவு மெல்லிய கம்பி தம் இயந்திரத்தில் நிற்காது என்று, ரிலேக்களுக்குச் சுருள் சுற்றும் ஒரு முதியவரிடம் அனுப்பிவைத்தார். அவர் குழலைத் திறந்து, காந்தத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, ‘யார் சுற்றியது? கை நன்றாக இருக்கிறது’ என்றார். பழைய சுற்றுகளை எண்ணியபடியே பிரித்தார். பாதியிலேயே கம்பி பல இடங்களில் அறுந்து பொடிந்தது, எண்ணிக்கை தவறிவிட்டது. ‘மீதியை இடத்தைப் பார்த்து நிரப்புகிறேன்’ என்றார். இடத்தைப் பார்த்து நிரப்புவது! என் ஆய்வு நெறியாளர் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். சரி என்றேன்.

கிதார் பேசியது. ஆனால் பழைய குரல் அன்று. மேல்தந்தியில் இருந்த மணியோசை சற்று மழுங்கி, கீழ்த்தந்திகள் கொஞ்சம் பருத்திருக்கின்றன. சுற்றுகள் மூலத்தைவிடக் கூடிவிட்டன என்று கருதுகிறேன். கேட்பவர்கள் வேறுபாடு தெரியவில்லை என்கிறார்கள். எனக்குத் தெரியும். ஒரு பாடபேதத்தை நானே உண்டாக்கிவிட்டேன். ஒப்புநோக்க மூலச்சுவடியும் இல்லை. பிரித்த பழைய கம்பித் துணுக்குகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, சுற்றிய நாளையும் எண்ணிய வரையிலான எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தேன். அடிக்குறிப்பு எழுதிப் பழகிய கை.

தம்பியிடம் மறைக்கவில்லை, ஆனால் செய்தபின்தான் சொன்னேன். வாங்கக் கேட்டவர் பின்வாங்கிவிட்டார். அதைப் பற்றி அவன் வருந்தவில்லை. ‘கேட்காமல் செய்தாயே’ என்றான். அதன்பின் பல மாதம் அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு அம்மாவுக்கு மட்டுமே வந்தது.

சென்ற மார்கழியில் ஊருக்கு வந்தான். இரண்டு நாள் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் இரவு, எல்லாரும் படுத்தபின், ‘வாசி பார்ப்போம்’ என்றான். வாசித்தேன். வால்வுகள் சூடேற ஆகும் சிறுபொழுது வரை இருவரும் பேசாமல் இருந்தோம். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பழைய கம்பியை எறிந்துவிட்டாயா என்று கேட்டான். டப்பாவைக் காட்டினேன். தாளைப் பிரித்து விளக்கருகே வைத்துப் படித்தான். மறுபடி மடித்து, டப்பாவை மூடி, பெட்டியின் மூலையில் அது ஆடாமல் இருக்கும்படி ஒரு துணியைச் சுருட்டி அண்டைகொடுத்து வைத்தான்.