மறைத்து வைத்த வேதனை
(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சபையில் பேசக் கூச்சப்படும் ஒரு வியாதியைக் குறித்துப் பேச வந்திருக்கிறேன். அது பவுத்திரம். ஆசனவாயின் உட்புறத்திலிருந்து வெளித்தோலுக்கு ஒரு துளை உண்டாகி, அதில் சீழ் வடியும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆப்பரேஷனால் குணமாகும். ஆனால் ஆண்டுக்கணக்காக ஆறாத பவுத்திரத்தில், மிக அபூர்வமாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. ரோசர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1934-லேயே இதைக் குறித்து எழுதினார்.

சில வருஷங்களுக்கு முன், சர்க்கரை வியாதிக்காக வார்டில் சேர்ந்திருந்த ஒரு பெரியவரைச் சந்தித்தேன். ஜெபம் முடிந்து எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயரே, பதினாலு வருஷமா பவுத்திரம். வீட்டிலேயும் சொல்லலை. ரெண்டு மாசமா சளி மாதிரி வழவழன்னு வடியுது, வலியும் கூடிப்போச்சு. டாக்டரம்மாகிட்ட சொல்ல வெட்கமாயிருக்கு" என்றார். "நான் சொல்லட்டுமா?" என்றேன். தலையசைத்தார்.

இந்தப் புற்று வெளியே தெரியாமல் துளைக்குள்ளேயே வளரக்கூடியது. பழைய தழும்பு என்றே எண்ணத் தோன்றும். மேலாக எடுக்கும் சதையில் பிடிபடாமலும் போகலாம். ஆகவே டாக்டரம்மா மயக்கமருந்து கொடுத்து, ஆழத்தில் பல இடங்களிலிருந்து சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். புற்று என்றே முடிவு வந்தது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள்.

முதலில் கதிர்வீச்சும் மருந்தும். பிறகு மலக்குடலையும் ஆசனவாயையும் நீக்கும் பெரிய ஆப்பரேஷன். அதன்பின் ஆயுள் முழுவதும், வயிற்றில் அமைக்கும் வழியாக மலம் ஒரு பையில் சேரும். இதைக் கேட்டதும் பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அவர் மனைவி, "பதினாலு வருஷம் துணியை நீங்களே மறைச்சுத் துவைச்சீங்க. இனிமே பையை நான் மாத்துறேன்" என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆப்பரேஷன் முடிந்து வீடு திரும்பினார். எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. மிகவும் தாமதித்து வருகிறவர்களுக்குச் சில சமயம் வேதனையைத் தணிக்க மட்டுமே முடிகிறது.

12 வருஷம் வியாதியோடிருந்து, கூட்டத்தில் ஆண்டவருக்குப் பின்னாக வந்த ஸ்திரீயை அறிவீர்கள். அவளும் முடிவில் எல்லார் முன்பாகவும் உண்மையைச் சொன்னாள். உங்கள் வீட்டிலோ சபையிலோ ஆறாத பவுத்திரத்தை மறைப்பவர் இருக்கலாம். வடிவது மாறினாலும், வலி கூடினாலும், கட்டி தென்பட்டாலும் தாமதிக்க வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். வெட்கத்தோடு வந்தாலும் பரவாயில்லை, வரட்டும்.