பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?



பிள்ளைக்கு ஏழு வயது நெருங்கினால் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் போடுவதா, பட்டணத்துப் பள்ளிக்கு வேனில் அனுப்புவதா? அப்பா ஒன்று சொல்வார், அம்மா வேறொன்று சொல்வார். அதைத்தான் இன்று நாம் நிதானமாகப் பேசப் போகிறோம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். இருந்த ஒரே பள்ளிக்குப் பிள்ளை போனது. பலர் அதை முடித்ததும் பால்வாளியைத் தூக்கினார்கள். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.

தோட்டத்தை விட்டு மக்கள் வெளியேறியதால் பல தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். சிறிய பள்ளி என்றால் மட்டமான பள்ளி என்று எண்ணிவிடக் கூடாது. பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு நோட்டையும் பார்க்க முடியும். ஆனால், மிகவும் குறைந்துவிட்டால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பு நடத்துவதுண்டு. ஆகவே, ஒரு நாள் நேரில் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து விசாரியுங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பள்ளி எப்படிப்பட்டது என்பது பாதி விளங்கிவிடும்.

தமிழ்ப்பள்ளியில் பிள்ளை வீட்டில் பேசும் மொழியிலேயே எழுத்தையும் எண்ணையும் கற்கிறது. தாயும் பாடத்தை எட்டிப் பார்க்கலாம். ஆனால் இடைநிலைப் பள்ளியில் மலாய் வேண்டும். மலாய் போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தவர்கள் நம்மில் பலர். ஆகவே மலாய் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.

தேசியப் பள்ளியில் மலாய் விரைவில் வரும், தமிழ் நழுவக்கூடும். அங்கே 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், இயன்ற இடத்தில் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழி செய்கிறது. நாம் ஒன்றுகூடிக் கேட்டால்தான் அது கிடைக்கும்.

எத்தனை 'ஏ' என்று பள்ளியை அளக்கும் பழக்கமும் இனி உதவாது. 1988இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குப் போய்விட்டால் பிள்ளையை வேனில் ஏற்றுவது யார்? மாதாமாதம் வேன் கட்டணம் கட்ட முடியுமா? ஐந்து மணிக்கு எழும் பிள்ளை வகுப்பில் தூங்கினால் பெரிய கட்டடத்தால் என்ன பயன்? நன்றாகக் கற்பிக்கும் பள்ளி பக்கத்திலேயே இருந்தால், அதுவே முதல் தேர்வு என்பது எங்கள் கருத்து.

பதிவை முந்திய ஆண்டிலேயே செய்யுங்கள். இணையத்தில் பதியத் தெரியாவிட்டால் பள்ளியில் உதவி கேளுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் இன்றே பதிவிலாகாவுக்குப் போங்கள். பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

எந்தப் பள்ளியானாலும் மாலையில் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்கத் தெரியும் அல்லவா?