கைக்கருவி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை: உறுதியும் புதுவசதியும்

(அண்ணனூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக எழுதப்பட்ட பிரசங்கம்)



ஆயுத பூஜையன்று பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தம் கருவிகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, வரிசையாக வைத்து வணங்குவது வழக்கம். அன்றைய தினம் அந்த வரிசையைச் சற்று உற்று நோக்கினால் ஒரு விஷயம் விளங்கும். தகப்பனார் காலத்து ரிங் ஸ்பேனர் கைபட்டுக் கைபட்டு மெருகேறி முன்வரிசையில் இருக்கும். சென்ற வருஷம் ஆசையோடு வாங்கிய புதுமாதிரிக் கருவியோ, உள்ளே பல் உடைந்து, வருஷத்துக்கு ஒரு பொட்டு மாத்திரம் பெற்றுக்கொண்டு மூலையில் கிடக்கும். ஒன்று உழைக்கிறது; மற்றொன்று பூஜைக்கு மட்டும் வருகிறது. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர் ஒருவரே.

கருவியைப் பற்றிய இப்பேச்சு அண்ணனூருக்கு மிகவும் பொருத்தமானது. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இவ்வூர் வழியாகவே செல்கிறது. கிழக்கே அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை தோன்றிற்று; 1960-களில் தொழிற்பேட்டையும் எழுந்தது. மேற்கே ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. நடுவிலுள்ள அண்ணனூரில் மின்சார ரயில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனை இருக்கிறது. ஆகவே, ஏர் பிடித்த குடும்பங்களில் பிறந்த அநேகர் இப்பிரதேசத்தில் ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கிறார்கள். உழவனுக்கு எருது எப்படியோ, மெக்கானிக்குக்குக் கருவிப்பெட்டி அப்படி. எருது வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள், கருவி வாங்கும்போது பளபளப்பை மாத்திரம் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கருவி வாங்குகிறவர்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார், “பழையது போதும், புதியதெல்லாம் வியாபாரிகளின் தந்திரம்” என்பர். மற்றொரு சாரார், “காலம் மாறிவிட்டது, புதுமாதிரி இல்லாவிட்டால் வாடிக்கைக்காரர் மதிக்கமாட்டார்” என்பர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. முழு உண்மை யாதெனில், கருவியைப் பார்த்து முடிவு செய்யாமல் வேலையைப் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்பதே. இந்தக் கருவி நாளொன்றுக்கு எத்தனை முறை கையில் ஏறும்? எவ்வளவு பலத்தைத் தாங்கவேண்டும்? கெட்டுப்போனால் இவ்வூரிலேயே சரிசெய்ய இயலுமா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவன் கடையில் ஏமாறமாட்டான்.

முதலாவது, உறுதி என்பது யாது? கனமாயிருப்பதெல்லாம் உறுதியன்று. நல்ல ஸ்பேனர், எஃகைக் காய்ச்சி அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்படுவது. உருக்கி வார்த்த மட்டமான சரக்கு கனமாயிருந்தும் திடீரென்று முறியும். அடித்து உருவாக்கிய பின்னர் தோய்ச்சல் என்னும் பதம் கொடுக்கவேண்டும். பதம் குறைந்தால் ஸ்பேனரின் வாய் அகன்றுவிடும். மிஞ்சினால் கண்ணாடிபோல் தெறிக்கும். நம் கொல்லர்கள் அரிவாளுக்குக் கொடுக்கும் பக்குவத்தின் சூட்சுமமும் இதுவே. “குரோம் வனேடியம்” என்று பொறித்திருப்பது எஃகில் கலந்த சரக்கைச் சொல்லுமேயன்றி, தோய்ச்சலின் பக்குவத்தைச் சொல்லாது. மேலே பூசிய குரோமியம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் துரு ஏறாமல் காப்பதற்கு உதவும். ஆனால் பூச்சு மட்டமாயிருந்து உரிந்தால், அதன் விளிம்பு உள்ளங்கையைக் கீறும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. புதிய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஸ்பேனரின் வாயில் பொருத்திப் பார்க்கலாம், ஆட்டம் இருக்கலாகாது. வாயின் இரு தாடைகளும் ஒன்றுக்கொன்று இணையாயிருக்கவேண்டும். அளவு எண் ஆழமாகப் பொறித்திருக்கவேண்டும். செய்தவர் பெயரும், 1947-இல் தோன்றிய இந்திய தர நிர்ணய நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உண்டா என்று கவனிக்கவேண்டும். பெயரில்லாத சரக்குக்குப் பொறுப்பாளியும் இல்லை.

ஆயினும் உறுதி ஒன்றே போதும் என்று எண்ணுவதும் பிழையாகும். தகப்பனார் காலத்து ஸ்பேனர்கள் பல அங்குலக் கணக்கில் செய்தவை. 1956-இல் எடைகள் அளவுகள் சட்டம் இயற்றப்பட்டபின் நம் தேசம் மெட்ரிக் முறைக்கு மாறிற்று. இன்றைய மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் உள்ள நட்டுகள் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவுள்ளவை. பதினாறில் ஒன்பது பங்கு அங்குல ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 14.29 மில்லிமீட்டர். அதை 14 மில்லிமீட்டர் நட்டில் போட்டால் உட்காருவதுபோல் தோன்றும். பலமாக இழுத்தால், ஸ்பேனர் நல்ல எஃகாகையால் அதற்கு யாதொரு சேதமும் நேராது. நட்டின் மூலைகள்தாம் உருண்டுபோகும், பிடித்த கை வழுக்கி முட்டி உடையும். வேலைக்குப் பொருந்தாத உறுதி சத்துருவுக்குச் சமானம்.

இரண்டாவது, புதுவசதி என்பது யாது? அதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத வசதி. சாதாரண ஸ்பேனரின் தலை கைப்பிடிக்கு நேராக இராமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதை அநேகர் பார்த்திருப்பார்கள். காரணத்தை யோசித்தவர் சிலரே. இடுக்கான இடத்தில் ஒருமுறை திருப்பியபின், ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால் மறுபடியும் பிடி கிடைக்கும். ஆறு மூலையுள்ள நட்டை 60 டிகிரி திருப்ப இடமில்லாத இடத்தில் 30 டிகிரி இருந்தாலே வேலை நடக்கும். இது ஒரு காலத்தில் புதுவசதியே. இதில் தேய்வதற்கோ தொலைவதற்கோ ஒன்றும் இல்லை. அதுபோலவே, வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் இரு பக்கங்களை மாத்திரம் பிடிக்கையில், ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். இறுகிய நட்டுக்கு ரிங் ஸ்பேனரே தகும். இத்தகைய வசதிகளை எப்போதும் தயக்கமின்றி ஏற்கலாம்.

இரண்டாம் வகை, அசையும் உறுப்புள்ள வசதி. ராட்செட் இதற்கு நல்ல உதாரணம். 24 பல் உள்ள ராட்செட்டில் ஒரு பல் நகர 15 டிகிரி இடம் வேண்டும். 72 பல் உள்ளதில் 5 டிகிரி போதும். இடுக்கில் கை நுழைத்து வேலை செய்கிறவனுக்கு இது பெரிய அனுகூலமே. ஆனால் அதே சக்கரத்தில் பற்கள் அதிகமானால் ஒவ்வொரு பல்லும் சிறிதாகும். பல பற்களை ஒரே சமயத்தில் பிடிக்கும்படி செய்த உயர்ந்த சரக்கு இக்குறையை ஈடுசெய்யும். மலிந்த சரக்கு ஈடுசெய்யாது. ஆகையால் இறுகிய நட்டை முதலில் ரிங் ஸ்பேனராலோ, டி-ராடாலோ நெகிழ்த்தி, பின்னரே ராட்செட்டைப் போடவேண்டும். ராட்செட் ஓட்டத்திற்கு உரியது, உடைப்பதற்கு உரியதன்று. வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரும் இவ்வகையினதே. அதைப் பிடிக்கும்போது பலம் அசையாத தாடையின்மேல் விழும்படி பிடிக்கவேண்டும். அவசரத்துக்கு அது உதவும்; தினசரி வேலைக்கு அளவு ஸ்பேனரின் ஸ்தானத்தை அது பெறாது.

1.5 மணி நேரத்து வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்க உதவும் வசதிக்கு விலை கொடுக்கலாம். ஆனால் மழைநாளையும் நினைக்கவேண்டும். 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் திருவள்ளூர் ஜில்லாவிலும் வெள்ளம் தேங்கி நின்றது. அத்தகைய நாட்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று நின்றுபோனால் ஒரு தெருவே தவிக்கும். சேறு புகுந்த ராட்செட்டைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிடாமல் நம்ப முடியாது. ரிங் ஸ்பேனரை வேஷ்டி முனையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

மூன்றாம் வகை, பேட்டரியால் இயங்கும் வசதி. சக்கர நட்டுகளை நொடிப்பொழுதில் கழற்றும் கருவி இப்போது கையடக்கமாக வந்துவிட்டது. நாளெல்லாம் சக்கரம் கழற்றுகிற பட்டறைக்கு அது லாபமே. ஆனால் லித்தியம் பேட்டரி உபயோகித்தாலும் மூப்படையும், சும்மா வைத்தாலும் மூப்படையும். ஒரு கம்பெனியின் பேட்டரி மற்றொரு கம்பெனியின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. அந்தப் பேட்டரி கடையில் கிடைக்காமற்போன அன்றே, நல்ல நிலையிலுள்ள கருவியும் வெறுங்கூடு ஆகிவிடும்.

புதுவசதிகளுள் தவிர்க்கமுடியாதவையும் உண்டு. எஞ்சினின் தலைப்பகுதி போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்குவது இனி ஆகாது. குறித்த அளவு வந்ததும் “கிளிக்” என்று ஒலித்து உணர்த்தும் டார்க் ரெஞ்ச் அதற்கு வேண்டும். அக்கருவியை உபயோகித்தபின் அதன் அளவை மிகக் குறைந்த எண்ணுக்குத் தணித்து வைக்கவேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறையேனும், அல்லது 5,000 முறை உபயோகித்தபின்னரேனும், எது முந்துகிறதோ அப்போது அதன் அளவைச் சோதிப்பது சர்வதேச வழக்கம். இவ்வளவு பராமரிப்பு வேண்டிய கருவியை ஒருவர் வாங்கி வருஷத்துக்குச் சில நாட்கள் மாத்திரம் உபயோகிப்பது வீண் செலவு.

இப்போது பணக்கணக்கைப் பார்ப்பது அவசியம். ஒரு தொழிலாளி 300 ரூபாய்க்கு ஒரு ஸ்பேனர் செட் வாங்குகிறான். அது ஒரு வருஷம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்க. ஆறு வருஷத்தில் அவன் செலவு 1,800 ரூபாய். மற்றொருவன் 900 ரூபாய் செட்டை 12 சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கி, வருஷக் கடைசியில் தீர்க்கிறான். வட்டி 108 ரூபாய். ஆகமொத்தம் 1,008 ரூபாய். செட் ஆறு வருஷம் உழைத்தால் 792 ரூபாய் மிச்சம். நட்டு உருண்டதால் போன வாடிக்கையும், முட்டி உடைந்ததால் போன கூலியும் இக்கணக்கில் சேரவில்லை. கைம்முதல் இல்லாதவன் மலிந்த சரக்கை வாங்குவது அறியாமையால் அன்று. அன்று காலையில் அவன் மடியில் 300 ரூபாய்தான் இருக்கிறது என்பதால். வறியவனே ஒரே பொருளுக்கு ஆறு முறை விலை கொடுக்கிறான். அவனை அந்த நிலையிலிருந்து விடுவிப்பதற்காகவே சங்கம் இருக்கிறது.

1904-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தபோது, நாட்டின் ஆதி சங்கங்களில் ஒன்று இதே திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் தோன்றிற்று. வட்டிக்காரனிடம் சிக்கிய குடியானவன் விதைக்கும் எருதுக்கும் நியாயமான கடன் பெறவேண்டும் என்பதே அத்தகைய சங்கங்களின் கருத்து. குடியானவனுக்குச் செய்த அவ்வுதவியைக் கருவி பிடிக்கும் கைகளுக்கும் செய்வது அக்கருத்துக்கு முற்றும் பொருந்தியதே.

ஆகையால் சங்கத்தின் பஞ்சாயத்தார் இரண்டு ஜாபிதாக்கள் தயாரிக்கலாம். முதல் ஜாபிதா, ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்திருக்க வேண்டியவை: மில்லிமீட்டர் அளவில் ரிங் ஸ்பேனர்களும் வாய் ஸ்பேனர்களும், ஸ்க்ரூ டிரைவர்கள், கட்டிங் பிளேயர், சுத்தியல், அரம். இவை தினந்தோறும் பலத்தைத் தாங்குபவை. இவற்றில் உறுதியே முதல், வசதி பின்பு. இவற்றுக்குச் சங்கம் கடன் கொடுக்கலாம். பல அங்கத்தினர்களுக்குச் சேர்த்து மொத்தமாக வாங்கினால் கிரயமும் குறையும். இரண்டாம் ஜாபிதா, பொது அலமாரியில் வைக்க வேண்டியவை: டார்க் ரெஞ்ச், பேரிங் புல்லர், பேட்டரிக் கருவி முதலியன. இவை எப்போதாவது வேண்டப்படுபவை; விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம். பலர் சேர்ந்து வாங்கினால் ஒவ்வொருவருக்கும் புதுவசதி கிடைக்கும். ஒருவர் தலையிலும் பாரம் விழாது.

பொது அலமாரிக்கு நியமங்கள் அவசியம். எடுத்துச் செல்பவர் புத்தகத்தில் கையெழுத்திடவேண்டும். துடைத்து, எண்ணெய் தடவித் திருப்பித் தரவேண்டும். சிறு வாடகையைச் செலுத்தவேண்டும். அத்தொகை பழுதுபார்ப்புக்கும் சோதனைக்கும் தனி நிதியாக இருக்கவேண்டும். உடைந்ததை மறைத்து வைப்பவருக்கு மாத்திரம் அபராதம். உடைந்ததென்று உடனே சொன்னவருக்கு அபராதம் கூடாது. இல்லையேல் மறுநாள் எடுப்பவரின் கைக்கு ஆபத்து.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். அது வல்லவனுக்குப் பெருமை. ஆனால் புல்லைக்கொண்டு துருப்பிடித்த நட்டைக் கழற்றின வல்லவன் ஒருவனும் இல்லை. அடுத்த ஆயுத பூஜைக்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பெட்டியைத் திறந்து, உழைக்கும் கருவி எது, கிடக்கும் கருவி எது என்று இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு பொதுக்கூட்டத்துக்கு வரவேண்டும். கிடக்கும் கருவிகளின் ஜாபிதாவே பொது அலமாரியின் முதல் ஜாபிதாவாகும். வரிசையில் முன்னே நிற்கும் பழைய ரிங் ஸ்பேனரைப்போல், இப்போது வாங்கும் கருவியும் பிள்ளைகளின் கையில் மெருகேறி நிற்குமானால், அதற்குக் கொடுத்த பணம் செலவன்று, முதலீடு.