நம் வளாகத்துக்குப் புதிய செப்டிக் டேங்க்: பொதுக்குழுவில் பேசியது

சாப்பாட்டுக்கு முன்னால் இந்தத் தலைப்பைக் கொடுத்தது செயலாளர். கோபம் வந்தால் அவர் மேல் படுங்கள்.

நான் என்ஜினீயர் இல்லை. பி.காம். படித்து, வங்கி கவுண்டருக்குப் பின்னால் காலத்தைக் கழித்தவன். செப்டிக் டேங்க் பற்றித் தெரிந்துகொண்டது தப்புப் பண்ணித்தான்.

1993-ல் கடன் வாங்கி இதே ஊரில் சின்னதாக வீடு கட்டினேன். தரைக்கு மொசைக் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்கினேன். டேங்க் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "அடியில காங்கிரீட் வேணாம் சார், தண்ணி தானா மண்ணுல இறங்கிடும், லாரியே கூப்பிட வேணாம்" என்றார் கொத்தனார். லாபமாகத் தெரிந்தது. பதினோரு வருஷம் லாரி கூப்பிடவில்லை. அதை ஆபீஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவன் நான்.

பன்னிரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் பின்வீட்டு அம்மா ஒரு சொம்போடு வந்தார். "தம்பி, கெணத்துத் தண்ணிய மோந்து பாருங்க." பரிசோதனையில் மலக்கிருமி இருப்பதாக வந்தது. என் டேங்குக்கும் அவர் கிணற்றுக்கும் இருபத்தைந்து அடிதான். அவர் பேரன் அப்போது காமாலையில் படுத்திருந்தான். அதற்கு என் டேங்க்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

நம் ஊர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. ஜம்புகேஸ்வரர் சந்நிதியில் நீர் ஊறுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே நீர்தான் நம் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழேயும் நிற்கிறது. மேட்டு நிலத்துக்குச் சரியாக வரும் டேங்க் இங்கே சரியாக வராது.

டேங்கின் வேலை எளிது. கழிவு உள்ளே போய் அசையாமல் நின்றால் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடு கட்டும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் வெளியே போகும். அந்த நீரிலும் கிருமி உண்டு. எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலை. நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் நின்றால் குழியே கூடாது, தரைக்கு மேல் மண்மேடு கட்டி அதில் விட வேண்டும் என்கிறது.

வந்திருப்பது மூன்று கொட்டேஷன். முதலாவது பன்னிரண்டு அடி உறிஞ்சுகுழி. மூன்றில் மலிவு. 1993-ல் நான் வாங்கிய அதே சரக்கு.

இரண்டாவது ரெடிமேட் ஃபைபர் டேங்க். கசியாது, ஒரு வாரத்தில் வேலை முடியும். ஆனால் ஆற்றில் வெள்ளம் வரும்போது மண்ணுக்குள் நீர் ஏறும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பழைய பாலம் இடிந்ததே, அந்த மாதிரி சமயத்தில் டேங்கைக் காலி செய்தால் காலிக் குடம் மாதிரி மேலே எழும்பிவிடும். கீழே காங்கிரீட் தளம் போட்டு அதோடு பிணைக்க வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் இல்லை. கேட்டால் "அது எக்ஸ்ட்ரா" என்கிறார்கள்.

மூன்றாவது அடியும் சுவரும் காங்கிரீட். உள்ளே குறுக்குச் சுவர், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி. அதற்கு அடுத்து ஜல்லி நிரப்பிய அறை. தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி வரும். அதன் பிறகு பின்மதில் ஓரம் மண்மேடு, மேலே கல்வாழை. போர்வெல்லிலிருந்து நாடா பிடித்து அளந்தேன், 22 மீட்டர். கமிட்டி சிபாரிசு இதற்குத்தான். விலை அதிகம், மறைக்கவில்லை. குளியலறைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் இதில் சேரக்கூடாது.

தனி வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் போதும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால். கிணறு மாதிரி தோண்டச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் மைக்கை வாங்கினேன். ஒரு கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில், கீழே, "பழைய தொட்டி அடிக்கசடு எடுக்க ஆள் கூலி, இருவர்" என்று ஒரு வரி இருக்கிறது. வவுச்சர் பார்த்த கண் என்பதால் பட்டது. அப்படி ஆள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. ஒருவர் விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். அந்த வரியை நான் பேனாவால் அடித்துவிட்டேன். மினிட்ஸிலும் ஏற வேண்டும்.

பழைய டேங்கை லாரி உறிஞ்சி எடுக்கட்டும். கெட்டிக் கசடு இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்சட்டும். இரண்டு நடை ஆனால் ஆகட்டும். பிறகு மணல் போட்டு மூடிவிடலாம். 14420-க்குப் போன் செய்தால் லாரிக்கு ஏற்பாடு ஆகும். உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டுவார் என்று டிரைவரிடம் கேளுங்கள். மாநகராட்சி நீரேற்று நிலையத்தில் கொட்ட வழி இருக்கிறது. அங்கிருந்து பஞ்சப்பூர் சுத்திகரிப்புக்குப் போகும். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றால் அவர் வேண்டாம், வாய்க்காலில்தான் கொட்டுவார்.

புதிய டேங்குக்கு நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன், டெபாசிட் முதிர்வுத் தேதி மாதிரி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில், ஆறு வறண்டிருக்கும்போது லாரி. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டு வாட்ச்மேன் அறையில் இருக்கும்.

பங்குத் தொகைக் கணக்கு நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. கூட்டல் தப்பிருந்தால் சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. மூன்றாவது கொட்டேஷனுக்குச் சம்மதமானவர்கள் கை தூக்குங்கள். பிறகு சாப்பிடலாம்.