கற்பவரின் மொழியைக் கற்ற ஆசிரியர்

வத்தல்மலையில் நடந்த ஆங்கிலக் கல்விக் கருத்தரங்கின் தலைமை உரை

இந்த இருக்கைக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் குறிப்பேடு இருப்பதையும் பார்க்கிறேன். அழைத்ததில் பெருமை, பேசி முடிக்கும்வரை கொஞ்சம் கலக்கமும் இருக்கும். இரண்டாம் மொழி வகுப்பறையில் ஆசிரியரின் பங்கு என்பது நமக்குத் தரப்பட்ட பொதுப்பொருள். அமைப்புமுறைப் பாடத்திட்டம் வந்ததும் போனதும், கருத்தாடல் முறை அதன் இடத்தைப் பிடித்ததும், பிரஜ் கச்ரு உலக ஆங்கிலங்களை மூன்று வட்டங்களாகப் பிரித்ததும் இந்த அவைக்குப் பாடம். அதையெல்லாம் இங்கே விரித்தால் கொல்லர் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆகவே பொதுப்பொருளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒரே ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வெளிநாட்டு ஆசிரியருக்கு உலகம் தனி மதிப்புக் கொடுக்கிறது. அந்த மதிப்பு அவர் பிறப்பால் வருகிறதா, வேறெதனாலோ வருகிறதா? வத்தல்மலையில் கூடியிருக்கும்போது இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. காப்பியும் மிளகும் சாமையும் விளையும் இந்த மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாக எழுத்தைத் தொடுகிறவர்கள். லண்டனிலோ டொரொண்டோவிலோ பிறந்த ஆசிரியர் இவர்களுக்கு வாய்க்கப் போவதில்லை. நல்ல ஆங்கிலம் பிறப்போடு ஒட்டியது என்றால் இவர்கள் கணக்கு இன்றே முடிந்துவிட்டது. அது பயிற்சியோடு ஒட்டியது என்றால் கணக்கு நம் தலையில் விழுகிறது.

இந்தக் கேள்விக்கு மிகப்பெரிய சோதனைச் சாலையாக இருந்த நாடு தென்கொரியா. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளுக்கு வரவழைக்கும் திட்டத்தை அந்நாடு 1995-இல் தொடங்கியது; 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் கட்டாயப் பாடமானது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரே தாய்மொழியாளர் என்பது அங்கே விதி. ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்கு இந்த ஏழு நாட்டவரிடம் ஏதேனும் ஒரு துறையில் பட்டம் இருந்தால் போதும். ஆனால் அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் தென்னாப்பிரிக்கரும் கனடாவின் கியூபெக் மாநிலத்தவரும் ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். கடவுச்சீட்டை மட்டும் நம்ப அந்த அரசுக்கே மனம் வரவில்லை என்றுதானே இதற்குப் பொருள்? பள்ளிப் படிப்பே அளவுகோல் என்றால் நம் தர்மபுரி மாவட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அதில் தேறுவார்கள். இந்தியாவும் கொரியாவும் 2009-இல் கையெழுத்திட்டு 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் இந்திய ஆங்கில ஆசிரியர்களுக்கும் கதவைச் சற்றே திறந்தது. ஆனால் இந்தியர் துணையாசிரியராகவே போகலாம். பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும். கற்பிக்கப் படித்தவர் உதவியாளர், ஆங்கிலம் பேசும் நாட்டில் பிறந்தவர் ஆசிரியர் என்ற இந்த வரிசைதான் என் வழக்கு.

இந்த வரிசையை எதிர்க்க நான் அழைக்கும் சாட்சி, நம் துறையினர் அதிகம் புரட்டாத ஒரு பழைய நூல். 1886-இல் கொரிய அரசு சோலில் ஓர் அரச ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கி, அமெரிக்காவிலிருந்து மூன்று இளைஞர்களை வரவழைத்தது. அவர்களில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட். கொரியாவின் முதல் தாய்மொழி ஆங்கில ஆசிரியர்களில் ஒருவர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம். வந்த சில ஆண்டுகளிலேயே கொரிய மொழியைக் கற்றார். படித்தவர்கள் சீன எழுத்தையே மதித்த காலத்தில் கொரியரின் ஹங்குல் எழுத்தில் உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். 1905-இல் கொரிய மொழியையும் இந்தியாவின் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணம் வெளியிட்டார். 1856-இல் கால்டுவெல் போட்ட பாதையில் நடந்த நூல் அது. இரு மொழிகளும் ஒரு குடும்பம் என்ற அவர் முடிவை மொழியியலார் இன்று ஏற்பதில்லை. அதனால் அந்த நூல் இரண்டு கூட்டத்தாரிடம் சிக்கிக்கொண்டது. ஒரு கூட்டம் அதைக் காலாவதியானது என்று ஒதுக்கிவிட்டது. இன்னொரு கூட்டம் உறவுமுறைச் சொற்களைப் பட்டியலிட்டுக் கொரியர் நம் ஒன்றுவிட்ட சகோதரர் என்று மேடைதோறும் சொல்லி மகிழ்கிறது. இரண்டாம் கூட்டத்தில் என் மதிப்புக்குரிய நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ்ப்பற்றை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒலி ஒத்த சொற்களை எண்ணிக்கொண்டிருந்ததில் அந்த நூலின் உண்மையான பயனை அவர்கள் நழுவவிட்டார்கள் என்பதை மட்டும் பணிவோடு பதிவு செய்கிறேன்.

அந்தப் பயன் வகுப்பறையில் இருக்கிறது. 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கொரிய மாணவன் இதையே 'ஒஜே நேகா சான் செக்' என்பான். முதற்சொல் நேற்று, இரண்டாவது நான், மூன்றாவது வாங்கிய, நான்காவது புத்தகம். வரிசை ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. எழுவாய் முதலில், பயனிலை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், பெயரெச்சம் பெயருக்கு முன்னால் என்ற அமைப்பு இரு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் 'எ', 'தி' போன்ற சொற்கள் இரண்டிலும் இல்லை. ஆங்கிலமோ புத்தகத்தை முதலில் வைத்து, வாங்கியவனையும் நாளையும் பின்னால் தொடுக்கும். கொரியப் பையனும் தர்மபுரிப் பையனும் ஒரே இடத்தில், ஒரே காரணத்துக்காகத் தடுமாறுகிறார்கள். ஒலியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஓரசையாக முடியும் 'ஸ்ட்ரைக்' கொரிய வாயில் ஐந்து அசையாக விரிகிறது. நம் ஊர்ப் பிள்ளை 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் இகரமும் பின்னால் ஓர் உகரமும் சேர்த்து 'இஸ்கூலு' என்கிறான். தொடக்கத்தில் மெய்கள் அடுக்கி வருவதை இரு நாவும் விரும்புவதில்லை. இந்தத் தடுமாற்றம் டொரொண்டோ பட்டதாரிக்கும் காதில் விழும். எங்கிருந்து வருகிறது, எந்தப் பயிற்சியால் போகும் என்பது, தானே அந்த வழியில் நடந்தவருக்கோ அந்த மொழியை உழைத்துக் கற்றவருக்கோதான் தெரியும். ஹங்கேரியின் பீட்டர் மெட்ஜியெஸ் 1990-களில் தாய்மொழியல்லாத ஆசிரியருக்காக எடுத்துவைத்த வாதத்தின் சாரம் இதுவே. ஹல்பர்ட் அந்த வாதத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறார். தாய்மொழியாளர்களிலும் மதிப்புக்குரியவர் மாணவரின் மொழியைக் கற்றவரே. பிறப்பு அவருக்கு ஆங்கிலத்தைக் கொடுத்தது. ஆசிரியப் பணிக்கு வேண்டியதை அவர் கொரியாவில்தான் தேடிக்கொண்டார்.

இங்கே ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். 1968-இல் அமெரிக்கர் கிளிஃபோர்ட் பிரேட்டர், இந்திய ஆங்கிலத்தை வகுப்பறைக்கு மாதிரியாக வைக்கலாம் என்ற எண்ணத்தைச் சமய மொழியில் ஒரு பிறழ்வு என்றே சாடினார். கச்ரு 1976-இல் பதிலடி கொடுத்தார். அதில் வென்றவர் கச்ரு என்பதே நம் அவையின் பொதுத்தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுவே. ஆனால் இருவரும் வாதாடியது எந்த ஆங்கிலம் மாதிரி என்பதைப் பற்றி. அதைக் கற்கும் பிள்ளையின் மொழி எது என்ற கேள்வி அந்த வாதத்தில் பின்னுக்குப் போய்விட்டது. ராபர்ட் பிலிப்சன் 1992-இல், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்பது 1961-இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் கூடிய மாநாடு ஊன்றிய பொய்க் கோட்பாடுகளுள் ஒன்று என்றார். சரியான கண்டுபிடிப்பு. ஆயினும் எல்லாவற்றையும் மேலையரின் ஏற்றுமதியாக அவர் காட்டும்போது, அதை வரவேற்று வாங்கிய பெற்றோரும் பள்ளி நிர்வாகங்களும் அமைச்சகங்களும் படத்திலிருந்து மறைந்துவிடுகின்றனர். இந்தக் குறையை ஈடுசெய்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா. அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியவற்றையெல்லாம் அவர் ஆராய்ந்தார். அந்நிய நூலைப் படித்தபடியே பிள்ளைகள் அதைத் தங்கள் உலகத்துக்கு இழுத்துக்கொண்டதைக் காட்டினார். ஆசிரியர் பார்க்கத் தவறிய பக்க ஓரத்தில்தான் கற்றல் நடந்துகொண்டிருந்தது.

நம் மாநிலத்தின் சொந்தச் சான்றையும் பார்ப்போம். 1950-களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை மாநிலத்தில் ஒரு பெரும் பயிற்சி இயக்கம் நடந்தது. அதை விவரித்து டி. ஏ. ஸ்மித் 1962-இல் எழுதிய கட்டுரை சென்னைப் பனிப்பந்து என்ற பெயரை நிலைக்கச் செய்தது. தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது குறிக்கோள். மேலே ஒரு சில வல்லுநர்; அவர்களிடம் கற்றவர் அடுத்த நிலையினருக்கு, அவர்கள் அதற்கடுத்தவருக்கு என்று பயிற்சி உருண்டு இறங்கும். உருள உருளப் பனி கரைந்துவிட்டது, அதனால் பயன் குறைந்தது என்பது வழக்கமான விமர்சனம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 27,000 பேரை எந்த அரசாங்கம் ஒரே கூரையின் கீழ் பயிற்ற முடியும்? கரைவது இயல்பு. குறை இறங்கிய திசையில் இல்லை; ஏறாத திசையில் இருந்தது. ஆங்கில வாக்கிய அமைப்புகள் மேலிருந்து கீழே வந்தன. தமிழ்ப் பிள்ளை அவற்றில் எங்கே இடறுகிறது என்ற அறிவு 27,000 பேரிடம் இருந்தும் அது மேலே போக ஒரு வழியும் அமைக்கப்படவில்லை. அந்த அறிவு எழுதப்பட்டிருந்தால் இன்று நம் கையில் தென்னிந்தியக் கற்பவரின் பிழைகளுக்கு ஒரு களஞ்சியமே இருந்திருக்கும்.

மறுப்புகள் எழும் என்று அறிவேன். தாய்மொழி பகிரும் ஆசிரியரிடம் ஆங்கில வகுப்பு தமிழ் வகுப்பாகவே முடிந்துவிடுகிறது. பாடத்தை மொழிபெயர்த்து, வினாவிடையை மனப்பாடம் செய்ய வைத்து, தேர்வுக்கு அனுப்புகிறோம் என்பது முதல் மறுப்பு. இது உண்மை, மழுப்ப நான் தயாரில்லை. ஆனால் இந்த நோய்க்குக் காரணம் தேர்வும் பயிற்சிக் குறைவுமே. அதற்குச் சான்று என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திய திட்டம். இலக்கணம் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார். ரயில் கால அட்டவணை ஒன்றை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஆங்கிலத்தில் அலசுவார். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே சேரும் என்று கேட்டுக் கேட்டுப் பதில் வாங்குவார். பிறகு அதேபோன்ற இன்னொரு கணக்கைப் பிள்ளை தனியே போட வேண்டும். கவனம் விடையில் இருக்கும். மொழி அதன் வழியே படியும். கற்பித்தவர்கள் இந்தியர்கள். பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இலக்கண அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்புகளும், வேலை சார்ந்த தேர்வில் பிரபுவின் வகுப்புகளும் முந்தின. இருபக்கமும் சாயாத தேர்வுகளில் பெரும்பாலும் பிரபுவின் வகுப்புகளே மேலோங்கின. கற்பித்தவர்களில் பயிற்சியாளர்கள் மிகுதி, சாதாரண ஆசிரியர் குறைவு என்ற குறையைச் சொல்வார்கள். சரிதான். அதுவும் என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. அங்கே பேதம் உண்டாக்கியது பயிற்சிதான்.

இரண்டாவது மறுப்பு உச்சரிப்பு. நம் பிள்ளைகள் பேசப்போவது பெரும்பாலும் இன்னொரு இந்தியரோடும், சீனரோடும், அரபியரோடும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை கிடைத்தால் கொரியரோடும்தான். அங்கே கேட்பவருக்குத் தெளிவாக விளங்குவதே தேவை. அசல் உச்சரிப்பை ஒலிப்பதிவு எந்த மலையிலும் கேட்கச் செய்யும். மூன்றாவதே வலுவான மறுப்பு. மாணவர் மொழி அறியாத வெளிநாட்டவர் எதிரே நின்றால் ஆங்கிலம் பேசியே ஆகவேண்டிய கட்டாயம் வருகிறது. அந்தக் கட்டாயத்தை உள்ளூர் ஆசிரியரால் உண்டாக்க முடியாது என்கிறார்கள். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டாயம் சிறு குழுவில், நெடுநாள் பழக்கத்தில் பலிக்கும். ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து, வாரத்தில் ஓரிரு பாடவேளை, பிள்ளைகள் நிறைந்த வகுப்பின் முன் நிற்பவரிடம் கூச்சம் தெளிந்த பிள்ளைகளே பேசுவார்கள். பேச வேண்டிய பிள்ளை பின்வரிசையிலேயே இருந்துவிடும். 2010-களின் தொடக்கத்தில் சோல் நகரமே உயர்நிலைப் பள்ளிகளில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கான நிதியை வெட்டியது. வெளிநாட்டவரே வேண்டாம் என்பது என் முடிவு அன்று. வருபவரிடம் கடவுச்சீட்டைக் கேட்கிற அரசு, கொரியம் எவ்வளவு தெரியும் என்றும் கேட்டிருக்கலாம். நாமும் நம் ஆசிரியரிடம், மாணவரின் மொழி எவ்வளவு தெரியும் என்ற அதே கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏனென்றால் தமிழ் பேசுகிறவர் என்பதாலேயே ஓர் ஆசிரியர் இந்த மலைப் பிள்ளையின் மொழியை அறிந்தவராகிவிட மாட்டார். மலையாளிப் பழங்குடியினரின் வழக்கு சமவெளித் தமிழ் அல்ல. மாவட்டத்தின் மற்ற மூலைகளில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டொரொண்டோக்காரர் கொரிய வகுப்பில் செய்த தவற்றை, தர்மபுரி நகரத்திலிருந்து வந்தவர் இங்கே செய்ய முடியும். ஆகவே பிற்பகல் அமர்வின் விவாதத்துக்கு இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறேன். மாவட்டப் பயிற்சி நிறுவனங்கள், ஆங்கிலம் கற்பிக்கும் ஒவ்வொரு ஆசிரியரும் தம் வகுப்பின் பிழைகளைக் காரணத்தோடு எழுதிவைக்கும் பழக்கத்தைப் பயிற்சியின் பகுதியாக்க வேண்டும். அந்தக் குறிப்புகள் மேலே போய்ப் பாடநூலைத் திருத்த வேண்டும். மலைப்பள்ளிகளுக்கு நியமிக்கப்படுவோர் அந்த மலையின் வழக்கைக் கற்பதற்குப் பணிக்காலத்திலேயே நேரமும் ஊக்கமும் தரப்பட வேண்டும். இரண்டுக்கும் வெளிநாட்டவர் ஒருவரும் தேவையில்லை; செலவும் அதிகமில்லை. இவை தவறு என்று நினைப்பவர்கள் காரணத்தோடு எழுந்து மறுக்க வேண்டும் என்று கேட்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.